எட்டில் மூன்று

புதன்கிழமை மத்தியானம் இரண்டாவது செமஸ்டர் கணிதத்தின் இன்டர்னல் மதிப்பெண்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். தர்ஷினிக்கு ஐம்பதுக்குப் பதினேழு. இருபது இருந்தால்தான் செமஸ்டர் பரீட்சை எழுத விடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

வேறு யாருடைய வரிசையையோ பார்த்துவிட்டோம் என்று நினைத்து, பெயரில் விரலை வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பதினேழுதான். முதல் டெஸ்டின்போது டெங்கு வந்து படுத்துவிட்டாள், அதில் கிடைத்தது சொற்பம். ஆனால் இரண்டாவது டெஸ்டை நன்றாக எழுதியதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசி வகுப்பில் விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். மூன்றாவது கேள்வியின் இரண்டாம் பகுதி, ஏழு மதிப்பெண். அவள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரே கோடு. படம் வரைந்ததற்கு மட்டும் ஒரு மார்க்.

ஒரு வளைகோட்டுக்கும் ஒரு நேர்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதியின் மேல் இரட்டைத் தொகையீடு செய்ய வேண்டும், அதுதான் கேள்வி. கணக்கு கீழிருந்து மேலாகக் கூட்டச் சொல்லும். அந்த வரிசையை மாற்றி இடமிருந்து வலமாகக் கூட்டிக் காட்ட வேண்டும். எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றாகத்தான் வரும். தர்ஷினிக்கு எட்டில் மூன்று வந்திருந்தது. பக்கத்தில் இருந்த கேத்தரினின் தாளில் மூன்றில் நான்கு. கேத்தரினுக்கு ஏழுக்கு ஏழு.

தர்ஷினியின் கால் பெஞ்சுக்கு அடியில் தானாக ஆட ஆரம்பித்தது.

"ஏய், காலை ஆட்டாதேடி. என் பேனா உருளுது" என்றாள் கேத்தரின்.

கல்லூரி நகரத்துக்கு வெளியே, அத்திபெலே போகும் சாலையில் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் சீட் கிடைத்தது. கேத்தரின் கார்ப்பரேஷன் ஸ்டாப்பில் இறங்கி ஜீவனஹள்ளிக்கு வேறு பஸ் பிடிப்பாள். தர்ஷினி மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கி ஒக்கலிபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்துவிடுவாள். அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டை மடியில் வைத்து, வரிசையை மாற்றாமல் கேள்வியில் இருந்தபடியே கணக்கைப் போட்டாள். எட்டில் மூன்று. மாற்றிப் போட்டாள். எட்டில் மூன்று. சில்க் போர்டு சிக்னலில் பஸ் இருபது நிமிடம் நின்றது. அதற்குள் இன்னொரு தடவை.

"கேத்தி, இங்க பாரு. அந்த இடம் ஒரே துண்டு இல்லை. பாதி உயரத்துக்கு மேல வளைவு முடிஞ்சு கோடு வருது. ரெண்டாப் பிரிக்கணும். நீங்க எல்லாரும் வளைவையே கடைசி வரைக்கும் இழுத்திருக்கீங்க."

"நாங்க எங்க இழுத்தோம்? கிளாஸ் குரூப்ல வந்த மாடல் ஆன்சர் பிடிஎஃப்ல அப்படித்தான் இருந்துச்சு. மனப்பாடம் பண்ணி எழுதினேன்."

"அப்போ பிடிஎஃப் தப்பு. மேடம் அதை வெச்சே திருத்தியிருக்காங்க. நாளைக்குப் போய்ச் சொல்லப் போறேன்."

கேத்தரின் தன் விடைத்தாளை எடுத்து நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்தாள்.

"எனக்கு மொத்தம் எவ்வளவுன்னு பாத்தியா?"

"இருபத்தொண்ணு."

"அதுல ஏழு போனா?"

தர்ஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி நேரமாக அவள் தன் பதினேழை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஃபர்ஸ்ட் செம் மேத்ஸே இன்னும் கிளியர் ஆகலை. இதுவும் போச்சுன்னா எங்கப்பா என்ன சொல்வாருன்னு தெரியுமில்ல? போதும்மா, வேலைக்குப் போன்னுடுவாரு" என்றாள் கேத்தரின். அவளுடைய அப்பா கிளெமென்ட் அபார்ட்மென்ட்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். இஞ்சினியரிங் வேண்டாம், பி.காம் போதும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். "விட்டுடுடி. உனக்கு மூணு மார்க்தானே வேணும்? அசைன்மென்ட்ல கேட்டு வாங்கலாம்."

"அசைன்மென்ட் மார்க் எல்லாம் போட்டாச்சு."

கேத்தரின் கார்ப்பரேஷனில் இறங்கும்போது வழக்கம்போல் கையசைக்கவில்லை.

அன்று மாலை தர்ஷினி வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஹாலிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து பால்கனிக்குமாக நடந்தாள். பல் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கும் அம்மா வனஜா அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றியிருந்தார்.

"என்னடி, கூண்டுல அடைச்ச மாதிரி சுத்துறே? உட்காரு."

"ஒண்ணுமில்லைம்மா."

சொன்னால் அம்மா நேராகக் கல்லூரிக்கே வந்துவிடுவார். சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பினாள். முதல் தடவை உள்ளே கூட்டமாக இருந்தது. இரண்டாவது தடவை ஷில்பா மேடம் தனியாகத்தான் இருந்தார், இருந்தும் படியிறங்கி வந்துவிட்டாள். சும்மா விட்டால் தனக்கு ஒரு வருடம் போகும். சொன்னால் கேத்தரினுக்குப் போகும். தண்ணீர் குடித்தாள். பாட்டில் காலியாகும்வரை குடித்தாள். மூன்றாவது தடவை கதவருகே நின்றபோது ஷில்பா மேடமே நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"ஏனு தர்ஷினி? பா, பா" என்று என்ன விஷயம் கேட்டு உள்ளே வரச் சொன்னார்.

ஷில்பா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. இன்னும் நிரந்தரமாகாத வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பேச்செல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. தர்ஷினி தாளை நீட்டி, தான் சொல்ல நினைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"ஆன்சர் கீ-ல நாலு பை மூணுன்னு இருக்கும்மா. கீ-யை எப்படி மாத்த முடியும்?"

"மேடம், வரிசையை மாத்தாம ஒரு தடவை போட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா வரணும் இல்லையா?"

ஷில்பா மேடம் ஒரு தாளை இழுத்து வேகமாக எழுத ஆரம்பித்தார். நான்காவது வரியில் வேகம் குறைந்தது. கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்ததை தர்ஷினி பார்த்தாள்.

"ரெண்டு நாள்ல மூணு செக்ஷன் பேப்பர் திருத்தினேன்" என்றார். "அந்த பிடிஎஃப் எனக்கும் வந்திருந்தது. ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கணும்." பிறகு, "யார்கிட்டயாவது சொன்னியா?"

"கேத்தரின்கிட்ட மட்டும்."

"சரி. நான் யோசிக்கணும். நீ போ."

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மேடம் வகுப்புக்கு வந்து அடுத்த பாடத்தை எடுத்தார். முதுகைக் காட்டியபடி போர்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கேத்தரின் ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தர்ஷினிக்கு எதுவும் ஓடவில்லை. துணி மடிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்தாள். கேத்தரினுக்கு ஒரு செய்தி தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். மேடம் பேசாமலே விட்டுவிட்டால் நல்லது என்று ஒரு நேரம் தோன்றும். அடுத்த நிமிடம் ஜூனியர்களோடு உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்ததும், மேடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றும்.

திங்கட்கிழமை ஷில்பா மேடம் வந்ததும் கதவைச் சாத்தினார்.

"மூணு பி-யோட விடை தப்பு. தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது. போட்டுப் பார்க்காமல் திருத்திட்டேன். ஹெச்ஓடி கிட்ட எழுதிக் கொடுத்தாச்சு. அந்தக் கேள்விக்குப் போட்ட மார்க் எல்லாருக்கும் ரத்து. வியாழக்கிழமை அதே மாதிரி ஒரு கேள்வி, அரை மணி நேரம், ஏழு மார்க்."

வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. "யார் மேடம் போய்ச் சொன்னது?" என்று ஹரிஷ்குமார் எழுந்து நின்று கேட்டான். கடைசி பெஞ்சில் எப்போதும் தனியாக உட்காரும் உத்தமன் மட்டும் எதுவும் கேட்காமல் விரலால் மேஜையில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"கணக்கு சொல்லிச்சு. உட்காரு" என்றார் மேடம்.

கேத்தரின் திரும்பிப் பார்க்கவே இல்லை. பஸ்ஸிலும் பெண்கள் சீட்டில் வேறு யாரோடோ உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்புகள் சீக்கிரம் முடிந்தன. தர்ஷினி கேத்தரினுக்குப் பின்னாலேயே கார்ப்பரேஷனில் இறங்கி, அதே பஸ்ஸில் ஏறி, ஜீவனஹள்ளியில் அவள் வீட்டு மாடிப்படி வரை போனாள். கேத்தரின் படியிலேயே நின்றாள்.

"எதுக்கு வந்தே? அழறேனான்னு பாக்கவா?"

"சொல்லித் தர."

"நீ சொல்லித் தந்து நான் பாஸாகி, அப்புறம் நீ நிம்மதியாத் தூங்கணும். அதானே?"

அது உண்மைதான் என்று தர்ஷினிக்குத் தெரியும். "ஆமா" என்றாள். "ஆனா வியாழக்கிழமை வரப் போறதும் உண்மைதானே?"

கேத்தரின் அவளை ஒரு நிமிடம் முறைத்துவிட்டு மேலே போனாள். வாசல் கதவைச் சாத்தாமல் மொட்டை மாடிக்குப் போனதால் தர்ஷினியும் போனாள். கொடியில் ஈரத்துணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. தர்ஷினி ஒரு உடைந்த செங்கல் துண்டை எடுத்தாள். மாடியின் இடப்பக்கக் கைப்பிடிச் சுவரைப் படத்தின் இடது எல்லையாக வைத்துக்கொண்டு, அதன் கிட்டத்து மூலையிலிருந்து வலப்பக்கமாக விலகிப் போகும் வளைவைத் தரையில் வரைந்தாள். சுவரின் மறுகோடியிலிருந்து சரிந்து வரும் கோடு ஒன்று. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன.

"சுவர்லேருந்து கிளம்பி நேரா நட. செங்கல் கோட்டை மிதிச்சதும் நில்லு."

"எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"நடடி."

கேத்தரின் செருப்பை உதறிவிட்டு நடந்தாள். மூன்று அடியில் வளைவு வந்தது. திரும்பிச் சுவருக்குப் போய், ஒரு அடி தள்ளி மறுபடி. ஐந்து அடி. மறுபடி. ஆறு அடி. இரண்டு கோடுகளும் முட்டும் இடத்தைத் தாண்டியதும் ஐந்தானது, பிறகு மூன்றானது. நின்று குனிந்து பார்த்தாள்.

"இப்போ நான் மிதிக்கிறது வளைவு இல்லை."

"இல்லை."

"நேர்கோடு." கேத்தரின் முட்டும் இடத்துக்கு வந்து குதிகாலால் அதைத் தட்டினாள். "இங்கேயிருந்து வேற. அதனாலதான் ரெண்டு கணக்கு. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதை வகுப்புல யாராவது இப்படிச் சொன்னாங்களா? எல்லையை மாத்து, எல்லையை மாத்துன்னு சொன்னா எந்த எல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" கீழே போய் நோட்டை எடுத்து வந்தாள். இருவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து ஆறு கணக்குகள் போட்டார்கள். நான்காவதிலிருந்து தர்ஷினி வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது கேத்தரின் சொன்னாள். "உன்மேல இருந்த கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதே. மேடம்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா மறுபடியும் வேணாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்."

வியாழக்கிழமை கேள்வியைப் பார்த்ததுமே தர்ஷினிக்குப் பாதை தெரிந்துவிட்டது. கை மூளைக்கு முன்னால் ஓடியது. பத்தே நிமிடத்தில் முடித்தாள். திரும்பிப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் அந்த நாற்காலியில் இன்னொரு நிமிடம் இருக்க முடியவில்லை. கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நடந்துகொண்டிருந்தாள். கேத்தரின் கடைசி நொடி வரை உள்ளே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை புதிய பட்டியல் வந்தது. கேத்தரினுக்கு ஏழுக்கு ஆறு, மொத்தம் இருபது. தர்ஷினிக்கு ஏழுக்கு ஐந்து, மொத்தம் இருபத்தொன்று. இரண்டாவது வரியில் கழித்தல் குறியைக் கூட்டல் என்று எழுதியிருந்தாள்.

"இந்தக் கேள்வியில என்னைவிடக் கம்மி!" என்று கேத்தரின் சத்தம் போட்டாள். பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். தர்ஷினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எனக்குச் சொல்லித் தந்துட்டு நீ கோட்டை விட்டியா?"

தர்ஷினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பட்டியலின் மற்ற வரிகளையும் படித்தாள். இருபதுக்குக் கீழே மூன்று பெயர்கள். முன்பு இருபத்திரண்டு வாங்கியிருந்த உத்தமனுக்கு இப்போது பதினேழு.

சாயங்காலம் அவன் பஸ் ஸ்டாப்பில் நிழற்குடைக்கு வெளியே நின்றிருந்தான். ஓசூரிலிருந்து தினமும் வந்து போகிறவன். அவன் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதற்குள் தர்ஷினி வேகமாகக் கிட்டே போனாள்.

"உத்தமன்..."

"நீதான் சொன்னேன்னு தெரியும்" என்றான். குரலில் கோபம் இல்லை. "உன் கணக்கு சரி. மேடம் பண்ணதும் சரி. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா சாரி மட்டும் சொல்லிடாதே."

"ஏன்?"

"சொன்னா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். என்னால அப்படிச் சொல்ல முடியாது."

லாரிகள் போய் முடியக் காத்திருந்து அவன் சாலையைக் கடந்தான். இந்தப் பக்கம் மெஜஸ்டிக் பஸ் வந்து நின்றது. கேத்தரின் ஏறி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, சீட் பிடித்திருப்பதாகக் கத்தினாள். தர்ஷினி ஏறினாள். சீட்டுக்குப் போகாமல் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஓசூர் பஸ் வந்து அவனை மறைக்கும்வரை நின்றாள்.