கேட்டவர் வீட்டுப் பனி

அந்த டிசம்பரில் எங்கள் ஹின்டரெக் மலைக் கிராமத்துக்கு வரவேண்டிய பனி முழுவதும் ராட்டர்டாம் நகரத்தில் ஒரு பல் வைத்தியர் வீட்டு மொட்டை மாடியில் பெய்தது. முழங்கால் ஆழம், சலித்த மாவு மாதிரி நல்ல உலர்ந்த பனி. அக்கம்பக்கத்து மாடிகளில் வழக்கம்போல் மழை ஈரம்தான். வைத்தியர் அதைப் படம் பிடித்து எங்கள் ஊர் சுற்றுலா அலுவலகத்துக்கு அனுப்பி, கேட்ட பொருள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டதால் தங்களுக்கு எடுத்து வைத்த அறைகளை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி மரியாதையாக எழுதியிருந்தார்.

அவர் மேல் தப்பில்லை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் எந்த வாரம் கிளம்பினால் சறுக்கப் பனி இருக்கும் என்று இலையுதிர் காலத்திலேயே தொலைபேசியில் கேட்டிருந்தார். அலுவலகத்தில் அதற்குப் பதில் சொல்ல இருந்தவள் ரேகுலா. கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் வாருங்கள், முழங்கால் வரைக்கும் இருக்கும் என்றாள். எறும்புப் புற்றின் உயரத்தையும், சுண்டெலி எந்தப் பக்கம் வாசல் வைத்திருக்கிறது என்பதையும் பார்த்து வரப்போகும் பனியைச் சொல்வது எங்கள் பள்ளத்தாக்கில் பழக்கம். ஊருக்கு ஒருவர் உண்டு, பலிக்காதபோது நிலவின் மேல் பழி போடுவார்கள். ரேகுலாவுக்கு நிலவின் உதவி தேவைப்பட்டதில்லை. அந்த வருஷமும் அவள் வாக்கு பலித்தது. இடம் மட்டும் மாறிவிட்டது.

அதன்பிறகு லைப்சிக்கில் ஒரு விதவையின் பால்கனி, கெண்ட் நகரத்தில் ஒரு வாத்தியாரின் காய்கறித் தோட்டம் என்று, யார் யார் கேட்டார்களோ அவரவர் வீட்டில் அவரவருக்குச் சொன்ன அளவு பெய்தது. எங்கள் சரிவுகள் பச்சையாகக் கிடந்தன. தொழுவத்து ஜன்னல் வழியே புல்லைப் பார்த்துவிட்டு மாடுகள் வெளியே விடச் சொல்லிக் கத்தின.

இதில் உண்மையிலேயே மாட்டிக்கொண்டவன் ரேகுலாவின் அண்ணன் யோஸ்ட். சறுக்க வந்தவர்களை மேட்டுக்கு இழுத்துப்போகும் கயிற்று இழுவை அவனுடையது. வெளியூர் ஆள் ஒருவர்கூட ஏறாமல் அடுத்தடுத்து இரண்டு குளிர்காலம் போனால் உரிமம் ரத்து, தூண்களைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது சட்டம். உள்ளூர்க்காரர்கள் ஏறினால் சேராது. ஒரு குளிர்காலம் போயே போய்விட்டது. யோஸ்டுக்கு வேறு தொழில் தெரியாது. பாலாடைக்கட்டி செய்யக் கற்றுக்கொள்ளப் போனான், ஒரு வாரத்தில் அவர்களே வண்டி வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறு வருஷம் ரேகுலா தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கேட்டவர்களிடம் தெரியாது என்றாள். பனி வந்தது, ஆனால் தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது, இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. ஜனங்கள் அதன் அடியில் குனிந்து தேவாலயத்துக்குப் போய்வந்தார்கள். உயரமானவர்களுக்குத்தான் சிரமம். பிறகு, பனியே கிடையாது என்று சொல்லிப் பார்த்தாள். உடனே நின்றதெல்லாம் இறங்கி, அதன் மேல் இன்னும் பெய்து, வேலிகள் மறைந்தன. அப்படி ஒரு பனியை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பனியில்லாத ஊருக்கு யார் வருவார்கள்? நாய்கள் உருண்டன. யோஸ்ட் இழுவையைத் துடைத்து எண்ணெய் போட்டு வெறுமனே ஓடவிட்டான். ஊர்த் தலைவர் கஸ்பர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"என்ன யோஸ்ட், காத்துக்கெல்லாம் சீட்டுக் கிழிச்சுக் குடுத்தியா?"

"குடுத்தேன் தலைவரே. உங்களை மாதிரிதான், சும்மா மேல போயிட்டு சும்மா கீழ வருது."

ஜனவரியில் தெற்கிலிருந்து வெப்பக் காற்று அடித்து அத்தனையும் ஓடையில் போயிற்று. அதே குளிர்காலத்தில் அடுத்த பனி வருவதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கம் எதுவானாலும் சதுக்கத்தில் கூடிக் கையைத் தூக்கித் தீர்த்துக்கொள்வதுதான் முறை. உண்டு என்று சொல்லச் சொன்னவர்கள் ஒரு பக்கம், இல்லை என்று சொல்லச் சொன்னவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் கை சமமாக இருந்ததால் யார் மனமும் நோகக்கூடாது என்று நடுவில் ஒரு தீர்மானம் வந்தது: இருக்கிற பனியில் பாதி உண்டு என்று ரேகுலா சொல்ல வேண்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தன. இந்த மாதிரி ஒற்றுமையாக நாங்கள் நிறையக் காரியங்களைக் கெடுத்திருக்கிறோம்.

பனி தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டது. பாதி இங்கே பெய்தது, பாதி கேட்டவர் வீட்டுக்குப் போயிற்று. இரண்டு இடத்திலும் கணுக்கால் அளவு, நடுநடுவே புல். பாசல் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் நம்பி வந்தது. யோஸ்ட் சட்டை மாற்றிக்கொண்டு இழுவையடியில் காத்திருந்தான். அவர்கள் சரிவைப் பார்த்தார்கள், இவ்வளவு எங்கள் வீட்டுக் கூரையிலேயே இருக்கிறதே என்றார்கள், உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டி தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, பூட்ஸில் ஒட்டிய மண்ணோடு மாலை ரயிலுக்குக் கிளம்பினார்கள். வசந்தத்தில் உரிமம் ரத்தானது.

அப்போதுதான் பல் வைத்தியர் மறுபடி எழுதினார். போன வருஷப் பனியே இன்னும் உருகவில்லை, இந்த வருஷப் பாதியும் சேர்ந்து மாடியில் கொள்ளாமல் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை மேட்டுச் சரிவில் வழிகிறது, தெருவே அங்கேதான் சறுக்குகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் மேலே நடந்து ஏறி எல்லாருக்கும் முட்டி போய்விட்டது, ஆகவே இழுவையும் அதை ஓட்ட ஆளும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். தூண்கள் லாரியில் ஏறின. யோஸ்ட் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழியனுப்ப நின்ற ரேகுலாவிடம் பேசக் கண்ணாடியை இறக்கினான்.

"நீ உண்மையைச் சொன்னதால எனக்கு இந்தக் கதி."

"பொய்யும் சொல்லிப் பாத்தேனே, அண்ணே."

"அதுவும் சரிதான்," என்றான் யோஸ்ட். கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, "அந்த ஊர்ல மலையே கிடையாதாமே," என்றான். லாரி கிளம்பியது.

அங்கே அவனுக்கு நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையிடம் தொலைபேசியில் பேசுவான். முதல் குளிர்காலத்தில், தொழில் பழக்கத்தில், ரேகுலா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்: "அங்க பனி எப்படி?" அவனும் யோசிக்காமல், "இடுப்பு வரைக்கும்," என்றான். அந்த வாரமே ரேகுலாவின் வீட்டைச் சுற்றி மட்டும் இடுப்பு அளவு பெய்தது. ராட்டர்டாம் சரிவில் புல் தெரிந்தது, யோஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ரேகுலா அந்தப் பனியை வாரவில்லை. அண்ணன் அனுப்பியதாயிற்றே. அது உருகுகிற வரைக்கும் சமையலறை ஜன்னல் வழியாகவே போய்வந்தாள். தபால்காரர் புல்லிலிருந்து பனிக்குள் காலை வைத்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பூட்ஸைத் தட்டிக்கொண்டு புல்லுக்குத் திரும்புவார்.

இப்போது இலையுதிர் காலம் வந்தால் வைத்தியர் கூப்பிடும்வரை ரேகுலா தொலைபேசியை விட்டு நகருவதில்லை. அவர் தாமதித்தால் கஸ்பரே வந்து, கூப்பிட்டாரா என்று விசாரிக்கிறார். வைத்தியர் கேட்டதும் அவள் முழங்காலைத் தாண்டி இருக்கும் என்கிறாள். எங்கள் பனி யோஸ்டின் சரிவுக்குக் கிளம்பிப் போய்விடுகிறது. மாடுகளைக் குளிர்காலத்திலும் மேய விடலாம் என்று கை தூக்கி முடிவு செய்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் முட்டி வலி, உருளைக்கிழங்கு, வைத்தியர் மனைவியின் நாய் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். பேச்சு தீர்ந்து போகிற இடத்தில் இரண்டு பேருக்கும் பனி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடுகிறது. உடனே யாராவது ஒருவர், இன்றைக்கு என்ன சூப் என்று கேட்கிறார்.