சத்தமாய் ஒரு மன்றாட்டு

சவரிராஜின் தொண்டைக்கு மைக் தேவையே இல்லை. ஆனாலும் மைக் இல்லாமல் அவர் ஜெபித்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. சூசையப்பர் கோயிலில் பாடும் மைக்செட்டே அவருடையதுதான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று வாரம் முழுக்க வாடகைக்குச் சுற்றிவிட்டு, ஞாயிறு காலையில் அந்த இரண்டு குழாய்களும் கோயில் கோபுரத்தில் ஏறிவிடும். அவர் குரல் கேட்டதும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிற கண்ணாத்தாள் நிமிர்ந்து, "சவரி ஆரம்பிச்சிட்டாருடி, அவரு முடிக்கறதுக்குள்ள இந்தப் பாத்தியை முடிச்சிரலாம்" என்பாள். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததும் சவரிராஜ்தான்.

"ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும், சவரி" என்று பங்குச்சாமியார் ஒருமுறை சொன்னார்.

"எதுக்கும் இருக்கட்டும் சாமி."

அவருடைய ஒரே மகள் சான்ட்ரா, கடலுக்கு நடுவே ஒரு தீவு நாட்டில் நர்ஸ். அங்கே பள்ளிவாசல்கள் உண்டு. மாதா கோயில் ஒன்றுகூடக் கிடையாது. பிழைக்கப் போனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்த ஊரிலேயே பிறந்தவர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தால்தான் வினை.

தவக்காலத்தில் ஒருநாள் சான்ட்ரா போனில் குரலை இறக்கிச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியை சத்தமா வச்சிட்டு, நாங்க நர்ஸுங்க மட்டும் ஜெபமாலை சொல்லுவோம்பா. இப்ப ஒரு அக்காவும் வர்றாங்க. இந்த ஊர்க்காரங்க. எங்க ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற வேலை. நடுங்கிக்கிட்டேதான் வருவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா. அம்மாகிட்டகூட."

போனை வைப்பதற்குள் அமலோற்பவத்திடம் சொல்லியாகிவிட்டது. மனைவி கணக்கில் வரமாட்டாள் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அந்தத் தவக்காலம் முழுக்க அவர் கறி தின்னாமல் இருந்தது பெரிதல்ல, இதைச் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய ஒறுத்தல்.

ஈஸ்டர் முடிந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கும் முறை அந்த மாதம் சவரிராஜின் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு வந்தது. விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிறவர்களுக்காக வேண்டச் சொல்லியிருந்தார் சாமியார். இரண்டு நாள் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினார் சவரிராஜ்.

"கடல் நடுவிலே, டிவி சத்தத்துக்கு அடியிலே ஒளிந்து உம்மைப் புகழும் எங்கள் மகள் சான்ட்ராவுக்காகவும், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கைகளோடு உம்மைத் தேடி வந்த அந்தத் தீவின் மகளுக்காகவும் வேண்டுகிறோம் இறைவா!"

குழாயில் அது வாய்க்கால் தாண்டிப் போயிற்று. கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அமலோற்பவம் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏங்க, அதைப் போய் மைக்ல சொல்லலாமா?"

"அந்தப் பொண்ணு பேரைச் சொன்னேனா? பேரு எனக்கே தெரியாதுடி!"

அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பூசையை இளைஞர் குழு பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுவது வழக்கம். தான் வாசித்ததை மட்டும் வெட்டித் தரச்சொல்லி, வாட்ஸ்அப்பில் அன்பியக் குழு, மைக்செட் உரிமையாளர் குழு, பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் மைத்துனரின் சொந்தக்காரர் குழு என்று ஒன்றுவிடாமல் அனுப்பினார். அழுகிற பொம்மைகளும் கைகூப்புகிற பொம்மைகளும் வந்து குவிந்தன.

புதன்கிழமை சான்ட்ரா கூப்பிட்டாள்.

"கேன்டீன்ல பட்டுக்கோட்டைக்கார எலக்ட்ரீஷியன் ஒருத்தரு எல்லாரும் பாக்க போனை நீட்டுனாருப்பா. 'சிஸ்டர், உங்கப்பா சூப்பரா ஜெபிக்கிறாரு'ன்னாரு. தமிழ் தெரிஞ்ச உள்ளூர்க்காரங்களும் இருந்தாங்க. துணி வெளுக்கறதுல எத்தனை பொம்பளைங்க இருக்காங்க, சொல்லுங்க? அந்த அக்கா ஒருத்தங்கதான்."

"உனக்கு ஏதும்..."

"எனக்கு ஒண்ணும் ஆகல. அதுதாம்பா தாங்கல. மறுநாளு அவங்க அண்ணனுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. வேலைக்கு வரல. போன் அடிக்கல. இனிமே வெள்ளிக்கிழமை யாரும் கூட வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியும்பா" என்றாள். திட்டியிருக்கலாம்.

கோயிலின் பேஸ்புக் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கவைத்தார். தன் போனில் இருந்ததை அழித்தார். ஊர் ஊராய்ப் போனதை எதைக் கொண்டு அழிப்பது? பஸ் பிடித்துக் கும்பகோணம் போனார். அங்கே ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நௌஷாத், மைக்செட் தொழிலில் அவருக்கு முதல் நாளிலிருந்தே கூட்டாளி. நௌஷாத்தின் தங்கை மாப்பிள்ளை அதே தீவில் ஓட்டல் வேலையில் இருந்தார்.

முழுவதையும் கேட்டுவிட்டு நௌஷாத் சால்டரிங் கம்பியை அணைத்தார்.

"ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லேன் பாய். உசுரோட, சௌக்கியமா இருக்கான்னு மட்டும்."

"சவரி, வெளியூர்க்காரன் ஒருத்தன் போயி, 'அந்தப் பொம்பள எங்க'ன்னு கேட்டா, இப்ப தெரியாம இருக்கறவனுக்கும் தெரிஞ்சுபோயிரும். நல்லது செய்யறேன்னு நீ செஞ்சது போதாதா? நானும் செய்யணுமா?"

சவரிராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நௌஷாத் டீ சொன்னார். டீ வந்து ஆடை கட்டிய பிறகு, "நான் துவா செய்யறேன்" என்றார். "எங்காளுங்க மனசு இளகணும்னும் சேத்துக் கேக்கறேன். உன்ன மாதிரி இல்ல. உதடுகூட அசையாது."

சவரிராஜ் ஆடையை ஊதி ஒதுக்கிவிட்டு டீயைக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. முறை இன்னும் அவர்கள் அன்பியத்துடையதுதான். மன்றாட்டு நேரம் வந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எழுந்து போனார். கையில் தாள் இல்லை. மைக்கின் கழுத்தைப் பிடித்தார். அந்தத் தீவின் மகளுக்காக, என்று தொண்டைவரை வந்தது. மகளுடைய பெயர், ஊருடைய பெயர், வெளுத்த துணி, எதை எடுத்தாலும் அது அவளைக் காட்டிக்கொடுத்தது. அவளுக்காகச் சொல்ல அவரிடம் பத்திரமான சொல் ஒன்றுகூட இல்லை.

குனிந்து சுவிட்சை அணைத்தார். குழாய்களின் இரைச்சல் நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், உதடு அசையவில்லை.

அத்தனை வருடத்தில் முதல்முறையாக வயல் சத்தம் கோயிலுக்குள் வந்தது. சேற்றில் கால் வைத்து எடுக்கும் ஓசை. அப்புறம் கண்ணாத்தாளின் குரல்.

"சவரிக்கு என்னாச்சுடி?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் எதற்காக நிற்கிறார் என்று முன்வரிசையில் இருந்த அமலோற்பவத்துக்குத் தெரியும். மன்றாட்டுக்குச் சபை சொல்லும் பதிலை அவள் மெதுவாகத் தொடங்க, தெரியாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."