ஸிராஜையும் சாலிஹையும் எந்தச் சஹனில் வைப்பது?

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிடப் போன இடத்தில் பொறுக்கிக்கொண்டு வந்தது. பெயர்களை மாற்றிவிட்டேன், புரியாணியை மாற்ற மனம் வரவில்லை. முதல் வரிதான் படாதபாடு படுத்தியது.

செயற்கை நுண்ணறிவு நம் குடும்பங்களுக்குள் நுழைந்துவிட்ட இக்காலத்தில்

(கட்டுரைப் போட்டி வாசம். வெட்டு.)

கடலையே பார்த்துக்கொண்டிருந்த நஸீறாவின் கண்களில்

(மகளுக்குக் கல்யாணம். கடல் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

நேராகவே சொல்கிறேன். நஸீறாவின் அண்ணன் (எங்கள் பக்கத்தில் 'காக்கா') ஸிராஜும் தம்பி சாலிஹும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. வயலில் யார் முதலில் தண்ணீர் திறப்பது என்று தொடங்கிய சண்டை, தண்ணீர் வற்றிய பிறகும் வற்றவில்லை. மகள் றிஸ்லாவின் விருந்தில் இருவரையும் எந்தச் சஹனில் உட்கார வைப்பது என்பதுதான் நஸீறாவின் தலையிடி.*

* சஹன் என்றால் பெரிய தட்டு. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சோற்றில் கை வைப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட வழியே இல்லை.

2.

கல்யாணத்துக்கு முந்திய நாள் றிஸ்லா மடிக்கணினியைத் திறந்து, ஏஐ உதவியாளரிடம் வேலையை ஒப்படைத்தாள்.

"உம்மா, ஆரார ஒண்டா வைக்கக்கூடாது எண்டு சொல்லுங்க. அது பிரிச்சுத் தரும்."

"முதல்ல எழுது. காக்காவும் தம்பியும் ஒரு சஹன்ல வரவே படாது. ஒராள் உள்ள, ஒராள் வாசல்ல."

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. றிஸ்லா அதுவரை நடந்ததைச் சேமித்தாள்.

"இனிப் பயமில்ல உம்மா. எப்ப திறந்தாலும் விட்ட இடத்துல இருந்து புடிக்கும்."

3.

இங்கே எனக்கொரு தயக்கம். இந்த உதவியாளருக்கு மனம் இருப்பதாக எழுதலாமா? எழுதினால் வாசகர் உருகுவார்கள். ஆனால் அது பொய். அது கேட்கும், அடுக்கும், சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது நஸீறாவுக்கு.

தொழுதுவிட்டு வந்தவள், மகள் இல்லாத நேரம் பார்த்து ஒலிவாங்கிப் பொத்தானைத் தட்டினாள்.

"இஞ்ச பாரு. ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கிட்டயும் சொல்லாத. பெருநாளைக்கு வந்தா காக்கா என்னட்ட மெல்லமா கேட்பாரு, 'சின்னவன் எப்பிடி இரிக்கான்?' எண்டு. தம்பியும் காக்காவப் பத்தி அதே கேள்விதான். ரெண்டு பேரும், 'நான் கேட்டன் எண்டு சொல்லிராத' எண்டுதான் போவாங்க. நானும் வாயத் திறக்கல்ல."

சொல்லிவிட்டு மகள் வருகிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேரையும் ஒரே சஹன்ல போடு" என்றாள்.

உதவியாளர் போட்டது. நஸீறாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னதும், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல், "தொழுதுட்டு வாறன், இரி" என்று சொல்லி எழுந்துபோனாள்.

அது இருக்கும் என்றுதான் நினைத்தாள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் எவரும் எழுந்து போவதில்லை.

றிஸ்லா வந்து கணினியை மூடப் போனாள். "புதிய மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்டது திரை. உம்மா எதையோ தட்டியிருப்பா என்று நினைத்து, வேண்டாமென்று அழுத்தி மூடினாள்.

4.

மறுநாள் காலை அது சமர்த்தாகத் தொடங்கியது: "விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஸிராஜ், சாலிஹ் இருவரும் ஒரே சஹனில் அமரக்கூடாது என்பது உங்கள் முதல் நிபந்தனை."

(இதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை. அண்ணனும் தம்பியும் அதையேதான் வருடக்கணக்காகச் செய்கிறார்கள்.)

றிஸ்லா அந்த ஏற்பாட்டையே பரிமாறுகிறவர்களுக்கு அனுப்பிவிட்டாள். பகல் விருந்தில் நஸீறா எட்டிப் பார்த்தபோது ஸிராஜ் உள்ளே, சாலிஹ் வாசலில்.

5.

முடிவுகள் என்னிடம் சில இருந்தன. றிஸ்லா ஓடிப்போய் அழிந்த பேச்சை மீட்டெடுப்பாள் (மீட்க முடியாது, விசாரித்துவிட்டேன்). மின்சாரம் போய், இருட்டில் இருவரும் ஒரே தட்டில் கை வைப்ப

பட்டப்பகலில் ஏது இருட்டு? விடுங்கள்.

நடந்தது இதுதான். நஸீறா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்கள் பக்கத்துக்கே நடந்து வந்தாள். எல்லோருக்கும் முன்னால் தம்பியின் கையைப் பிடித்தாள். மெசினிடம் சொன்னதை மனிதனிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தம்பி, காக்கா பெருநாளுக்குப் பெருநாள் உன்னத்தான் விசாரிக்காரு. நான்தான் சொல்லாம இருந்துட்டன்."

சாலிஹ் எழுந்தான். அவள் பின்னாலேயே உள்ளே வந்து, அவள் காட்டிய சஹனில் உட்கார்ந்தான். நஸீறா திரும்பினாள்.

"காக்கா, நீங்களும் வாங்க. இவனும் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இரிக்கான்."

ஸிராஜ் எழுந்துவிட்டார். தம்பியின் பக்கமா, வாசல் பக்கமா என்று கால்களைப் பார்த்தால் தெரியும். நான் பார்க்கப் போவதில்லை. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தச் சஹனில் இப்போது ஐந்து பேர்: சாலிஹ், மாப்பிள்ளையின் வாப்பா, பக்கத்து வீட்டு நஜீம், சோற்றுக்கு வந்த நான், கதைக்கு வந்த நீங்கள். (வாசகிகளும் இன்று மட்டும் இந்தப் பக்கம் வரலாம்.) சாலிஹுக்கு அருகில் கால் மடித்து ஆறாவது ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.