பதினேழாவது கட்டம்

பகல் ஒன்றரை மணிக்கு முப்பத்தொரு குடும்பங்கள் கனகசுந்தரத்தின் கணினியில் இருந்தன. பட்டியலில் இல்லை.

நாலு மணிக்குப் பட்டியல் முகாம் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஊர்க்காரரோ இடம்பெயர்ந்தவரோ, அதில் பெயர் உள்ளவர்கள்தான் திருகோணமலையில் தங்கலாம். பெயர் இல்லாதவர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வெருகலுக்கே திருப்பி அனுப்புவார்கள். வெருகல் பக்கம் ஷெல் விழுவது இன்னும் நிற்கவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த நிவாரணச் சங்க அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடி, தூரத்துச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

சங்கத்துக்கு மூன்று கணினிகள் இருந்தன. திருகோணமலையில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று, தம்பலகாமத்தில் ஒன்று. எந்த இடத்தில் பதிந்தாலும் பதிவு பொதியாகக் கட்டப்பட்டு மற்ற இரண்டுக்கும் போகும். அங்கே பொதி அவிழ்ந்து, இரண்டு கணினிகளாவது ஒரே பெயரைச் சொன்னால்தான் அது பட்டியலில் ஏறும். இடம்பெயர்ந்த சனம் கூடக் கூடப் பழைய மென்பொருள் திணறியது. முந்தைய நாள் கனகசுந்தரம்தான் புதிய பதிப்பை ஏற்றினார். காப்புறுதிக் கம்பனியொன்றின் கணினிப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். “என்ர கையால ஏத்தினது, பிழைக்காது” என்று சங்கக் கூட்டத்தில் சொல்லியுமிருந்தார்.

இன்று காலையிலிருந்து கிண்ணியாக் கணினியும் தம்பலகாமத்துக் கணினியும் முப்பத்தொரு பொதிகளை அவிழ்க்க மறுத்தன. சிதைந்த பொதி என்று தூக்கி எறிந்தன. அவர் தொலைபேசி இணைப்பைப் பார்த்தார், வட்டைச் சோதித்தார், மூன்று கணினிகளின் நேரத்தையும் ஒப்பிட்டார். மூன்று மணித்தியாலம் போய்விட்டது. பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை. காலையிலிருந்து பதிந்த அறுநூறு பெயர்களைப் பழையது வாசிக்காது.

கடைசியில் முப்பத்தொரு பதிவுகளையும் கடதாசியில் அச்சிட்டு மேசையில் பரப்பினார். பதினேழாவது கட்டம் எல்லாவற்றிலும் வெறுமையாக இருந்தது.

குடும்பத் தலைவரின் நிலை: இருக்கிறார், காணாமற்போனவர், இறந்தவர். பழைய பதிப்பு வெறுமையையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போனது. புதிய பதிப்புக்கு மூன்றில் ஒன்று வேண்டும். இல்லையென்றால் பொதி அவிழாது.

புருஷன் கூட வராத பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, கட்டத்தை விட்டுவிடுங்கள் என்று எழுதுநர்களுக்குச் சொல்லிவைத்தவர் அவரேதான். நெற்றியில் பொட்டோடு நிற்கிறவளை வாயால் விதவையாக்குகிற வேலை நம்முடையதல்ல என்று அவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் அவருக்குச் சொந்த வலியும் இருந்தது. முப்பத்தொரு பதிவில் ஒன்று மகள் கமலாதேவியுடையது. மருமகன் குலசிங்கம் நெல் ஏற்ற உழவு இயந்திரம் பார்த்துவருகிறேன் என்று போய் எட்டு மாதம்.

தொலைபேசி அடித்தது. கிண்ணியா அலுவலகத்து நஜ்முன் நிஸா. அவர் பிழை எங்கே என்று சொன்னார்.

“சேர், வெறுமையையும் ஏத்துக்கிற மாதிரி இஞ்ச மாத்த ஏலாதா?”

“ஏலும். மாத்தினால் நிப்பாட்டித் திரும்ப ஓட்ட வேணும். முழுப் பதிவையும் அது அடுக்கி முடிக்க மூண்டு மணித்தியாலம்.”

“அப்ப சரிவராது. தம்பலகாமத்திலயும் இப்ப கரண்ட் இல்லயாம். எங்கட ஜெனரேட்டரும் இருமிக்கிட்டு இரிக்கி. ஏதாச்சும் ஒண்டப் போட்டு விடுங்க சேர்.”

“எதைப் போட? ‘இறந்தவர்’ எண்டு போடவோ? எங்கட பொம்பிளையளின்ர தாலியில நான் கை வைக்கிறதோ?”

“தாலியோட பஸ்ஸில ஏத்தினா மட்டும் நல்லமா?”

அவர் ரிசீவரை வைத்தார்.

பக்கத்து மேசையில் தட்டச்சிட்டுக்கொண்டிருந்த கமலாதேவி கையை நிறுத்தினாள். “அப்பா, என்ர பதிவில காணாமற்போனவர் எண்டு போடுங்கோ.”

“அவசரப்படாத பிள்ளை. அப்பிடிப் போட்டால் எங்க போனவன், ஆரோட போனவன் எண்டு விசாரணை வரும்.”

“வரட்டும். எனக்குத் தெரியாது எண்டுதான் சொல்லுவன். அதுதானே உண்மை. இந்த எட்டு மாசமும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே. நீங்களும் கேக்கேல்ல.”

அவர் கதிரையை விட்டு எழுந்தார். கடதாசிகளைச் சேர்த்து எடுத்தார். “வா. கேக்க வேண்டாமெண்டு சொன்னவன் நான். நானே கேக்கிறன்.”

முகாம் பின் தெருப் பள்ளிக்கூடத்தில். மீதி முப்பது பேரும் அங்கேதான். ஒரு வகுப்பறை வாசலில் நின்று, சால்வையைச் சரிசெய்து, முதற் பெண்ணிடம் கேட்டார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: “செத்திட்டார் ஐயா. பனைக்குக் கீழ நான்தான் மண் போட்டனான். இப்பவாவது எழுதுங்கோ.”

“பொட்டு…”

“பிள்ளையள் பயப்பிடுவினம் எண்டு வைக்கிறனான்.”

அடுத்தவள் சிரித்தாள். “காணேல்ல எண்டு போடுங்கோ. அந்த மனுசன் உள்ள நாளிலயும் வீட்டில கண்டது குறைவுதான்.” சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுக்கவில்லை.

சிலர் ஏசினார்கள். ஒருத்தி, “எங்களைப் பாத்தால் பதில் தெரியாத ஆக்கள் மாதிரியோ இருக்கு?” என்று கேட்டாள். கமலாதேவி எழுதிக்கொண்டே நடந்தாள். மூன்று இருபதுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது.

கடைசியாகப் பாக்கியரத்தினம். மூன்று பிள்ளைகளுடன் கரும்பலகைக்குக் கீழே இருந்தாள். மூன்று பதிலையும் அவர் சொல்லி முடித்ததும் தலையை ஆட்டினாள்.

“நான் சொல்லமாட்டன் அண்ணை. என்ர வாயால வந்தால் அது நடந்திடும். இருக்கிறார் எண்டு சொன்னால் நாளைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுவாங்கள்.”

“சொல்லாட்டி விடிய பஸ்ஸில ஏத்துவாங்கள், பிள்ளை.”

“ஏத்தட்டும்.”

“பிள்ளையளையும் பாரும்.”

அவள் பார்க்கவில்லை. அவர் கெஞ்சினார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியறியாத மனிதர் அந்தச் சிமெந்துத் தரையில் குந்தியிருந்து கெஞ்சினார். கமலாதேவி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். மூன்று முப்பத்திரண்டு.

கனகசுந்தரத்தின் குடும்ப அட்டையில் ஒரு பொய்ப் பெயர் ஏறியதில்லை. பங்காளி மகனொருவன் பள்ளிக்கூட அனுமதிக்காக அந்த விலாசத்தில் பதியக் கேட்டபோது, எங்கள் வீட்டில் இல்லாதவனை இருக்கிறான் என்று எழுத என்னால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி, பதினைந்து வருடம் அந்த வீட்டு நன்மை தீமைக்குப் போகாமல் இருந்தவர்.

“கமலா,” என்றார் எழுந்தபடி, “இவையின்ர பதிவை அழிச்சு என்ர அட்டையில ஏத்து. தலைவர் நான். இருக்கிறார்.”

“என்ன முறை எண்டு போட?”

“தங்கச்சி.”

பாக்கியரத்தினம் நிமிர்ந்தாள். “அப்ப… அவர் வந்தால்?”

“வந்தால் மச்சான் எண்டு கூப்பிடுறன்.”

அலுவலகத்துக்கு அவர் ஓடினார். அந்தத் தெருவில் அவர் ஓடி யாரும் கண்டதில்லை. மகள் தட்டச்சிட, பொதிகள் ஒவ்வொன்றாகப் போயின. தொலைபேசியில் நஜ்முன் நிஸா எண்ணினாள். இருபத்தொண்டு, இருபத்திரண்டு… இருபத்தாறில் நின்றது.

“என்ன?”

“ஜெனரேட்டர் சேர். பொறுங்க… பொறுங்க… யா அல்லாஹ்… ம், ஓடுது. இருபத்தேழு.”

மூன்று ஐம்பத்தாறுக்கு அச்சு இயந்திரம் கடைசித் தாளைத் தள்ளியது. அவரே கொண்டுபோனார்.

முகாம் அதிகாரி விரலால் வரி வரியாக இறங்கினார். கனகசுந்தரத்தின் பெயரில் விரல் நின்றது. போன வாரப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ஐயா, போன கிழமை உங்கட வீட்டில தங்கச்சி இல்லை. மூண்டு பிள்ளையளும் இல்லை.”

“ஓம்.”

“இவ்வளவு நாளும் ஏன் எழுதேல்ல?”

ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் ஏற்கனவே வந்து வரிசையாக நின்றன.

“என்ர பிழை,” என்றார் கனகசுந்தரம்.

அதிகாரி போன வாரப் பட்டியலை மடித்து ஒருபக்கம் வைத்தார். பிறகு அடுத்த தாளைத் திருப்பினார்.