இன்னொரு சுத்து

அக்கா கண்ணாடிக் கதவை இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தாள். ராட்டினக் கூண்டு தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னால், சக்கர நாற்காலியில் தம்பியின் தலை மார்பின்மேல் தொங்கியது. உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

“நிறுத்தும்மா! கதவைத் திற!”

கீழே ராட்டினத்தை ஓட்டும் பெண் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தாள். ஏற்றும்போதே சொல்லியிருந்தாள்: “நாற்காலியை ஏத்திப் பூட்டறதுக்கே அவ்வளவு நேரம் ஆகுதுக்கா. அதனால உங்களுக்கு இறங்காமலே ரெண்டு சுத்து.” அப்போது அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அக்காவுக்கு. இப்போது, நாசமாப் போக உன் ரெண்டு சுத்து என்று தொண்டை கிழியக் கத்தினாள். இந்த இடத்தில் கத்தாதவர்கள் யார்? எல்லாக் கூண்டிலும்தான் கத்துகிறார்கள். அந்தப் பெண் உற்சாகமாகக் கையசைத்தாள். கூண்டு மறுபடி மேலே ஏறியது.

போனும் மருந்துப் பையும் கீழே இருந்தன. மேலே எதையும் கொண்டுபோக விடவில்லை.

தம்பிக்கு முப்பத்தைந்து வயது. தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டே வரும் நோய். “இதயமும் ஒரு தசைதானேம்மா” என்று போன மாதம் டாக்டர் சொன்னார். அக்கா அதை அவனிடம் சொல்லவில்லை. “கட்டில் உசரத்துக்கு மேல இருந்து நான் எதையுமே பாத்ததில்ல தாயே, ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போ” என்று அவன் நச்சரித்தபோது, தலையாட்டித் தொலைத்துவிட்டாள். முதல் சுற்றில் பாதிவரை அவன் வாய் ஓயவில்லை. கீழே போன ஒருவரின் வழுக்கையைப் பார்த்து அப்படிச் சிரித்தான்.

கூண்டு ஆள் ஏற்ற நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. அக்கா தரையில் மண்டியிட்டு அவன் முகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் நின்றபோது அவன் கண்ணைத் திறந்தான்.

“இன்னும் இறங்கலையாக்கா?”

“இறங்கிட்டோம்டா. வீட்டுக்குத்தான் போறோம்.”

அடுத்த மூச்சு வரவில்லை. அவள் காத்திருந்தாள். கூண்டு நகரவே இல்லை.

கீழே கதவைத் திறந்த பெண், “எப்படி சார் இருந்துச்சு?” என்று குனிந்தவள், வீலென்று கத்தினாள். முதலுதவிக்காரர் ஓடி வந்தார். தம்பியை மேடைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார். வெகுநேரம் அமுக்கிவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் தூணோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். “கதவத் தட்டினீங்கக்கா. நான் சந்தோஷத்துல தட்டறீங்கன்னு நினைச்சேன். ஐயோ, நானே அனுப்பி வெச்சேனே.”

அவளை நாலு அறை விடவேண்டும் என்று அக்காவுக்குக் கை பரபரத்தது. அந்தக் கையால் தம்பியின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

முதலுதவிக்காரர் தாளை எடுத்தார். “மூச்சு எத்தனை மணிக்கும்மா நின்னுது?”

எதிரே கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

“மூணு மணிக்கு,” என்றாள் அக்கா. “முதல் சுத்துலயே. கீழ வந்துட்டுப் போனோமே, அப்பவே அவன் இல்ல.”

அந்தப் பெண் தலைநிமிர்ந்தாள். “நிஜமாவாக்கா?”

“நான்தானேம்மா பக்கத்துல இருந்தேன்.”

முதலுதவிக்காரர் மூன்று மணி என்று எழுதிக்கொண்டார்.