வெளிநடப்பு

டயர்க்கடைக்காரர் அப்பாவின் தோளைத் தட்டினார்.

"அண்ணே, நேரமாச்சு."

அப்பா உடனே எழுந்தார். பேருந்தில் தன் நிறுத்தம் வந்துவிட்டவர் எழுவது போல, எந்தக் கேள்வியும் இல்லாமல். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் டீமுக்கு அப்போதுதான் ஒரு கார்னர் கிடைத்திருந்தது. அவர் கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்து, கையைப் பிடித்துக்கொள்ள நானும் எழுந்தேன்.

"நீ உக்காரு பாப்பா. இது அவரோட டூட்டி," என்றார் டயர்க்கடைக்காரர். பின்வரிசைகளில் சிரிப்பு. டிரம் வைத்திருந்தவர் குச்சியால் இரண்டு தட்டுத் தட்ட, கேலரி முழுக்க ஒரே குரலில் கத்தியது: "வெளி... நடப்பு! வெளி... நடப்பு!" சபையை விட்டு வெளியேறும் எதிர்க்கட்சித் தலைவர் மாதிரி அப்பா ஒரு கையை உயர்த்திக் காட்டினார். மறு கையால் ஊன்றுகோலை ஒவ்வொரு படியாக ஊன்றி, கேலரிக்குக் கீழே போகும் இருட்டுப் படிக்கட்டில் இறங்கி மறைந்தார். அதற்குப் பிறகு ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த சீசனில்தான் நான் முதல்முறையாக மைதானத்துக்கு வந்தேன். அப்பாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மைதானத்துப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா சொன்னாள். இரண்டு பேர் பேச்சும் எடுபடவில்லை. முட்டிக்கு ஊன்றுகோல், ஊன்றுகோலுக்கு நான் என்று ஏற்பாடானது. எனக்குக் கூட்டம் ஆகாது. வேதியியல் படித்துவிட்டுத் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பாட்டில்களோடுதான் பேச்சு, அதாவது பேச்சே கிடையாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த கார்னர் வீணானது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தது கோல்கீப்பரின் விரலில் பட்டு உள்ளே போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண் என் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். விசில் ஊதியதும் பாதிக் கேலரி படிக்கட்டில் இறங்கி ஓடியது. நானும் ஓடினேன். கீழே, ஆண்கள் கழிப்பறைச் சுவரை ஒட்டி, அப்பாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். டயர்க்கடைக்காரர் எக்கி அவர் கையில் முத்தம் கொடுத்தார். மூத்திர வாடை கண்ணை எரித்தது. அப்பா மேலிருந்து என்னைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

"யாரும்மா அடிச்சது?"

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நான் பள்ளியில் சேர்ந்த வருடம், ஏதோ ஒரு கோப்பை ஆட்டத்தில் டீம் தோற்றுக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். பதறி எழுந்து போயிருக்கிறார். கேட்டைத் தாண்டுவதற்குள் எங்களுக்கு ஒரு கோல். வண்டியைக் கிளப்புவதற்குள் இன்னொன்று. அடுத்த வாரமும் டீம் திணறியது. டயர்க்கடைக்காரர் விளையாட்டாகச் சொன்னாராம், "அண்ணே, கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்களேன்." போயிருக்கிறார். கோல் விழுந்திருக்கிறது.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, போயிட்டுதான் இருக்கேன்."

"அப்ப நீங்க கோலே பாத்ததில்லையா?"

"அதெப்படி? முன்னாடி விழுறதெல்லாம் பாப்பேனே."

"ஜெயிக்கிற கோல்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேப்பேன்மா," என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் வெளியே போயும் கோல் விழாத ஆட்டங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் உள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை, பார்க்க விட்டதும் இல்லை. ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீருக்குக்கூட இப்படித் தீர்ப்பு எழுத முடியாது. அந்தக் கேலரியில் இருப்பவர்கள் மடையர்கள் என்றால் மன்னித்துவிடலாம். டயர்க்கடைக்காரர் ஒரு டயரைத் தடவியே எத்தனை ஊர் சுற்றியது என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் உட்காரும் மருந்துக்கடைக்காரர் தன் கடையில் மந்திரித்த கயிறு விற்பதில்லை. ஒரு ஆள் படியிறங்கிப் போவதற்கும் பந்து வலைக்குள் போவதற்கும் சம்பந்தமில்லை என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள். அனுப்புவதில் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இப்பதான் தெரியுமா? ஒரு தடவ மனுஷன் ஆசைப்பட்டு, பாதிப் படி ஏறி எட்டிப் பாத்திருக்காரு. அந்த நேரம் பாத்தா எதிர் டீம் அடிக்கணும்? ரெண்டு மேட்ச்சு அவரோட யாரும் முகம் கொடுத்துப் பேசல. கீழ வரைக்கும் போனீங்களா, இல்ல படியிலயே நின்னு ஏமாத்துனீங்களான்னு விசாரணை வேற. இங்க வந்து சாப்பாடு எறங்கல அவருக்கு."

"அப்புறம் எதுக்கும்மா போறாரு?"

"லிஃப்ட்டுல மாட்டுனவங்க கதவு தொறந்ததும் என்ன பண்ணுவாங்க? அவங்க பாட்டுக்கு நடந்து போயிடுவாங்க. ஒருத்தர் திரும்பிப் பாக்கமாட்டாங்க. அங்க போனா இவரு பேரச் சொல்லிக் கத்துறாங்கள்ல. அத நீ கெடுத்து வைக்காத."

"அது அவர் பேர் இல்லம்மா."

அம்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அவள் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார். சாவியைத் திருகிக் கதவை இரண்டு கையாலும் விலக்கினார். உள்ளே இருட்டில் நின்றிருந்தவர்கள் வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்கள். வந்து சேர்ந்தது எந்த இடம் என்று தெரியாத முகங்கள். பிறகு அப்பாவை ஒரு தூணைச் சுற்றிப் போவது போலச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கிளப்புக்கு வயது ஏறுகிறது என்று அந்த வருடம் ரசிகர்களின் நினைவுகளைப் படம் எடுத்தார்கள். கிளப் அலுவலகத்தில் ஒரு அறை, ஒரு நாற்காலி, முகத்தைச் சுடும் விளக்கு. டயர்க்கடைக்காரர் ஒரு கோலைச் சொல்லும் வேகத்தில் காலை வீசி நாற்காலியைக் கவிழ்த்தார். மருந்துக்கடைக்காரர் அழுதேவிட்டார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தார். மறக்க முடியாத கோல் எது என்று படம் எடுப்பவர் கேட்டார்.

அப்பா யோசித்தார். "முதல்ல காலு சத்தம் கேக்கும். எல்லாரும் எந்திரிக்கிறாங்கன்னு அர்த்தம். சுவத்துல கைய வச்சா அதிரும். அப்புறம் 'ஊ'ன்னு ஒரு சத்தம் மேல ஏறும். ஏறி, டக்குனு நின்னுடும். ஒரு செகண்டு ஒண்ணுமே இருக்காது. மூச்சுகூட கேக்காது. அந்த ஒண்ணுமில்லாததுலயே எனக்குத் தெரிஞ்சுடும், பந்து உள்ள போகுதா இல்லையான்னு."

படம் எடுப்பவர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "ஐயா, கோலப் பத்திச் சொல்லுங்க. பந்து எந்தப் பக்கம் வந்துச்சு, யாரு அடிச்சா, அந்த மாதிரி."

"அவரு எங்கப்பா பாத்தாரு!" என்றார் டயர்க்கடைக்காரர் வாசலில் இருந்து. "அவரு பாத்ததெல்லாம் கக்கூஸ் சுவரு!"

அறையே சிரித்தது. அப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவருடைய சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படம் வெளியானபோது அதில் அப்பா இல்லை.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் டிவிஷன். சமன் ஆனால் பழைய இடத்திலேயே இன்னொரு வருடம். காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. படிகளில் பாசி மினுங்கியது. ஆளுக்கு ஒரு கோல். எங்கள் கோல் முதல் பாதியில் விழுந்தது, அப்பா பார்த்தார். பிறகு எவ்வளவு முட்டியும் ஒன்றும் நகரவில்லை. கேலரியில் ஒருவர் பின் ஒருவராகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு அப்பாவைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நேரமாச்சு."

ஊன்றுகோல் என் மடியில் இருந்தது. அப்பா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"குடும்மா."

"வேண்டாம்ப்பா. படி வழுக்குது."

"மெதுவா எறங்கிக்கிறேன்."

"இன்னைக்கு உக்காந்து பாருங்க."

அப்பாவின் முகத்தில் பயம் வந்தது. முட்டிக்கான பயம் இல்லை அது. "விளையாடாத. இன்னைக்கு என்ன ஆட்டம்னு தெரியுமா உனக்கு?"

"என்ன பாப்பா தகராறு? அப்பாவ விடு," என்றார் டயர்க்கடைக்காரர். "எத்தன வருஷக் காத்திருப்பு தெரியுமா?"

"இன்னும் போகலையா அவரு?" என்று பின்னால் ஒரு குரல்.

"வெளிநடப்பு பண்ணாம சபையிலயே உக்காந்துட்டாருப்பா!"

"தங்கச்சி எந்த டீமுக்கு ஆளுன்னு கேளு!"

டிரம் அடிக்கத் தொடங்கியது. வெளி, நடப்பு. வெளி, நடப்பு. "முட்டிதான பிரச்சன? நாங்க தூக்கிட்டுப் போறோம்," என்று இரண்டு பேர் நிஜமாகவே வரிசை தாண்டி வந்து அப்பாவின் அக்குளில் கை கொடுத்தார்கள். அப்பா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொடுத்தார். சட்டை மாட்டிவிடச் சொல்லி நிற்கும் குழந்தை மாதிரி.

"கைய எடுங்க."

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. டிரம் நின்றது.

"ஒரு ஆள் வெளிய போனா கோல் விழும்னா வேற ஒரு ஆள் போங்க. இத்தன வருஷம் இவரு போனாரு. இன்னைக்கு நீங்க போங்க அங்கிள்."

டயர்க்கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். "நான் போனா விழாது பாப்பா. அது அண்ணனோட ராசி."

"போய்ப் பாத்தீங்களா? ஒரே ஒரு தடவ?"

அவர் மைதானத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார். நான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். டிரம்காரர் டிரம்மின் வாரை இழுத்துச் சரிசெய்தார். தூக்க வந்த இருவரின் கைகளும் எப்போதோ கீழே இறங்கியிருந்தன.

"போங்க. கக்கூஸ் சுவரு அங்கயேதான் இருக்கு. யாரு அடிச்சதுன்னு நான் வந்து சொல்றேன்."

ஒருவரும் எழவில்லை.

அப்பா அதைப் பார்த்தார். டயர்க்கடைக்காரரை, மருந்துக்கடைக்காரரை, டிரம்காரரை, பின்வரிசையில் அவர் பெயர் இல்லாத பெயரைக் கத்தியவர்களை, ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டால் இவர்களில் யாரும் போவார்கள் என்று இத்தனை வருடமும் அவர் நம்பியிருந்தார் போல. எனக்கு ஊன்றுகோலை எடுத்து யார் மண்டையிலாவது போட வேண்டும் போல இருந்தது.

விசில். எங்கள் ஆள் ஒருவனை எதிர் டீம் பெனால்டி கட்டத்துக்கு வெளியே கீழே தள்ளிவிட்டிருந்தது. ஃப்ரீ கிக். கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. எங்களை மறந்துவிட்டார்கள். அல்லது மறந்தது போல நின்றார்கள்.

"இப்ப விழலன்னா..." என்றார் டயர்க்கடைக்காரர், எங்களைப் பார்க்காமல்.

"விழலன்னா என்ன?" என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழு எடையும் என் மேல் இருந்தது. முன்னால் நின்றவர்களின் தலைகளுக்கு இடையில் பந்து வெள்ளையாக, தனியாக, ஈரப்புல்லில் இருந்தது. உதைக்கப் போகிறவன் பின்னால் நடந்தான். கால்களின் சத்தம் கேலரி முழுக்க ஓடியது. கான்கிரீட் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா பக்கத்துத் தூணில் உள்ளங்கையைப் பதித்து, தலையைச் சாய்த்து, கண்களை இறுக்க மூடியிருந்தார்.

"கண்ணத் தொறங்கப்பா."

"பயமா இருக்கும்மா."

"தொறங்க."

அவர் கையைத் தூணிலிருந்து பிய்த்து எடுத்தேன். என் விரல்கள் அவருக்கு வலித்திருக்கும். 'ஊ' என்ற சத்தம் எங்களைச் சுற்றி எழும்பி, மேலே ஏறி, சட்டென்று நின்றது. மூச்சுகூடக் கேட்கவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்திருந்தார். கதவு விலகியதும் வெளிச்சத்தில் நிற்பவர்களைப் போல, கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.