லுமேனியின் நெஞ்சில் ஒன்றும் கேட்கவில்லை

அந்த நாட்டில் யாருடைய நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாலும் இதயத்துடிப்பு கேட்காது. அவர் யாரை நினைத்து ஏங்குகிறாரோ, தூரத்தில் இருக்கும் அந்த ஆளின் சத்தம்தான் கேட்கும். புறப்படும் முன்பே என்னை அங்கே அனுப்பிய அமைப்புக்காரர்கள் இதைச் சொல்லியிருந்தார்கள். கம்பளி தேவையில்லை, கொசுவலை அங்கேயே கிடைக்கும் என்பதோடு சேர்த்துச் சொன்னார்கள். அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

என் பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டையில் நர்ஸ்களுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்த நாட்டின் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் கேட்டார்கள். ஒரு வருடம். சம்பளம் கிடையாது. பெயர் கொடுத்தேன்.

என் கணவர் பூவலிங்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஒரு வருசமா?"

"ஆமா."

"போயிட்டு வா," என்றார். அதற்குப் பிறகு மறு கன்னத்தைச் சவரம் செய்யவில்லை. பாதி முகத்தோடு வந்துதான் என்னை வழியனுப்பினார்.

அந்த நாட்டு மொழி கடினம் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய் இறங்கினால் எல்லோரும் நாகர்கோவில் தமிழ் பேசினார்கள். எனக்கு முன்னால் வந்த அருள்மேரி சிஸ்டர் நாகர்கோவில்காரராம். புண்ணுக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுக்க வந்தார். கட்டுப்போடுவது யாருக்கும் வரவில்லை. தமிழ் வந்துவிட்டது.

முதல் வகுப்பில் இதயத்துடிப்பை எண்ணும் பாடம். ஒரு முதியவரை உட்கார வைத்து, லுமேனி என்பவளிடம் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்தேன். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். வகுப்பில் கைப்பக்குவம் உள்ளவள் அவள்தான்.

"எண்ணுனியா?"

"எண்ணுனேன் சிஸ்டர். ஒம்பது."

"ஒம்பதா?"

"இவருக்க மவன் கப்பல்ல வெங்காயம் உரிக்கான். இதுவர ஒம்பது உரிச்சாச்சு."

முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு வெங்காயம்னா ஆகவே ஆகாதே," என்றார்.

எனக்கு அவர்களுடைய வேலை அப்போதுதான் புரிந்தது. தன் நெஞ்சைத் தானே கேட்க முடியாது. வைத்துப் பார்த்தால் காதில் வெறும் காற்றுதான் வரும். வேறொருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். அதைத்தான் சுகாதாரப் பணியாளர்கள் செய்துவந்தார்கள். காலையில் மருத்துவமனையைத் திறந்தால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். காய்ச்சல்காரர்களும் வருவார்கள், ஆனால் அவர்களும் காய்ச்சலைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பிறக்காத குழந்தைக்கு மட்டும் சொந்தத் துடிப்பு இருந்தது. அது இன்னும் யாரையும் பிரியவில்லை. கர்ப்பிணியின் வயிற்றில் காதை வைத்தால் டக் டக்கென்று கேட்கும். நான் என் பாடத்தை அங்கிருந்து தொடங்கினேன். குழந்தை பிறந்து அழாவிட்டால் துடைப்பது, முதுகைத் தேய்த்துவிடுவது, முகமூடி வைத்துக் காற்றுப்பையை அழுத்துவது. பொம்மையை வைத்துப் பழக்கினேன். பொம்மையின் நெஞ்சில் ஒரு தொழிற்சாலையின் சத்தம் கேட்டது.

ஒருநாள் இருவர் இருவராக உட்கார்ந்து பழகினார்கள். லுமேனிக்கு ஜோடி இல்லை. நான் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடத்தை மாற்றினேன். குழாயைத் தட்டிப் பார்த்தேன்.

"குழாய்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர். எனக்க நெஞ்சு அப்படியாக்கும்."

"எப்பவுமா?"

"மாப்பிள கப்பல் வேலைக்குப் போனாரு. மொதல்ல எஞ்சின் சத்தம் கேக்குண்ணு சொல்லுவாங்க. அவரு இருமுகதும் கேக்கும். பொறவு ஒருநா நிண்ணு போச்சு."

"நின்னு போச்சுன்னா?"

"வந்துட்டாருண்ணு அர்த்தம். ஆளு தூரத்துல இருந்தாத்தானே சத்தம் வரும்?"

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு," என்றாள் லுமேனி. "எங்க இருக்காருண்ணுதான் தெரியல."

மற்றவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சத்தம் நின்றுபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அந்த நாட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. லுமேனி வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போயிருந்தேன். மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டுக்குத்தான் முதலில் பரிமாறினாள்.

என் நெஞ்சை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. பூவலிங்கமும் நானும் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. அவர் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கும் சத்தம் கேட்டுவிட்டால் என்ன செய்வது? தொலைபேசி இருந்தது. ஆனால் அந்த நாட்டுத் தொலைபேசியில் மழையைப் பற்றி மட்டும்தான் பேச வரும்.

"இங்க மழை," என்பேன்.

"இங்க மழை இல்ல," என்பார்.

வேறு எதைச் சொல்ல நினைத்தாலும் வாயில் மழைதான் வந்தது. வைத்துவிடுவோம்.

ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு லுமேனி கேட்டாள். "பாத்துரட்டா சிஸ்டர்?" நான் சரி என்று சொன்னது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஒருத்தரு வீட்டுக்குள்ள நடக்காரு," என்றாள்.

"செருப்பு போட்டா?"

"போட்டு."

"வீட்டுக்குள்ளயா?"

"ஆமா. டப்பா டப்பாவாத் தெறக்காரு. மூடுகாரு. உப்ப எங்க வச்சாண்ணு கேக்காரு."

"அடுப்புக்கு மேல, நீல டப்பா," என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

லுமேனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கேருந்து சொன்னா அங்க கேக்காது சிஸ்டர்."

அதிலிருந்து தினமும் காலையில் அவள் கேட்டுச் சொன்னாள். பூவலிங்கம் உப்பில்லாமல் சாப்பிட்டார். கொடியில் என் சேலை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டார். மறுநாளும் அதே சேலையைத் துவைத்தார். அது அழுக்காகவே இல்லை, எனக்குத் தெரியும். நான் துவைத்து மடித்து வைத்துவிட்டு வந்த சேலை. அவர் வாளியில் அதை அலசும் சத்தத்தை லுமேனி வாயாலேயே செய்து காட்டினாள். நான் அன்று பாடம் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடியும்போது அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"விசில் கேக்கு சிஸ்டர்."

"குக்கரா?"

"இல்ல. பஸ்ஸு. 'உள்ள போங்க, பின்னால எடம் கெடக்கு'ண்ணு சத்தம் போடுகாரு. அதுக்கு வேற ஒருத்தரு, 'நீரு பாசஞ்சர், சும்மா இரியும்'ங்காரு."

பூவலிங்கம் பஸ் ஏறிவிட்டார். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த ஊர்கள் தீர்ந்தன. தெரியாத ஊர்கள் வந்தன. பிறகு கடல் இரைச்சல் கேட்டது. நான் வகுப்பில் எதையோ எழுதிக்கொண்டிருப்பேன், கரும்பலகை முழுக்கச் சக்கரமாக இருக்கும்.

ஒரு காலையில் லுமேனி நெடுநேரம் வைத்திருந்தாள்.

"சத்தம் இல்ல."

"நல்லாக் கேளு."

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். வந்துட்டாரு!" கையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் வாசலுக்குப் போனேன். சாலையில் யாரும் இல்லை. அதற்குள் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரசவ வலி. வயிற்றில் காதை வைத்தேன். துடிப்பு இருந்தது, மெதுவாக இருந்தது. அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

குழந்தை நீலமாக வந்தது. அழவில்லை. நான் காற்றுப்பையை எடுத்தேன். முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த கை. ஆனாலும் முகமூடி குழந்தையின் மூக்கில் நிற்கவே இல்லை.

"தள்ளுங்க சிஸ்டர்," என்றாள் லுமேனி.

துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். தலையை நேராக வைத்தாள். முகமூடியைப் பொருத்தி, பையை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். "வா மக்கா, வா," என்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் சொன்னாள். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு தானாக ஏறியது. பிறகு கட்டடமே அதிரும்படி அழுதது.

நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

லுமேனி குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். "அதுக்குள்ள ஏங்கத் தொடங்கிட்டு," என்றாள். "தண்ணி சத்தம் கேக்கு. யாரோ ஒரு பொம்பள மூச்சு விடுகா."

"நான்தான் அது," என்றாள் தாய். "நான் இங்கதானே கெடக்கேன்?"

லுமேனி குழாயைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் அப்படி நின்றதை நான் பார்த்தேன்.

அப்போது வெளியே ஹாரன் கேட்டது.

எங்கள் ஊர்ப் பச்சை பஸ். மேலெல்லாம் உப்பு பூத்திருந்தது. பூவலிங்கம் படியில் நின்றார். ஒரு கன்னத்தில் தாடி நெஞ்சுவரை தொங்கியது. மறு கன்னம் மழுமழுவென்று இருந்தது.

"எப்படி வந்திய?"

"பஸ்ஸுலதான்."

"கடலு?"

"டிரைவர் சன்னல மூடச் சொன்னான்."

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். பிறகு விடவில்லை. "காலையில உங்க சத்தமே கேக்கல," என்றேன். "எனக்கு உயிரே இல்ல."

"தூங்கிட்டேம்ளா," என்றார். "கடலுக்குள்ள நல்ல காத்து."

லுமேனி ரத்தம் காயாத கையோடு வந்து நின்றாள். என்னிடம் கேட்காமலே என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். பூவலிங்கத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒருத்தரு வாசல்ல நிண்ணு, 'இசக்கி, இசக்கி'ண்ணு கூப்பிடுகாரு."

"நான் கூப்பிடலயே," என்றார் பூவலிங்கம்.

"உங்களுக்க கொரலுதான்."

அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். வேர்வையும் டீசலும் கலந்த வாடை அவர் மேல் அடித்தது. ஆனாலும் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆளு வந்தா சத்தம் நிக்காது," என்றாள் லுமேனி. நிதானமாகத்தான் சொன்னாள். "தூங்குனாத்தான் நிக்கும்."

"லுமேனி," என்றேன்.

"அவரு வரல சிஸ்டர். எங்கயோ தூங்குகாரு." பஸ்ஸைப் பார்த்தாள். "எழுப்ப ஆளில்லாம."

நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். "இங்க மழை," என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"ஆமா சிஸ்டர்," என்றாள் அவள்.

பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "பஸ்ஸுல தூங்குகவங்கள எங்க எறக்குவீங்க?"

"கடைசி ஸ்டாப்புலதான் எழுப்புவோம்."

"அது எங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"டிரைவருக்குத் தெரியும்மா," என்றார்.

லுமேனி கையைக் கழுவினாள். தலையை வாரி, பவுடர் போட்டுக்கொண்டாள். குழந்தைக்கு எப்போது பால் கொடுக்க வேண்டும், தொப்புளை எப்படித் துடைக்க வேண்டும் என்று தாயிடம் சொன்னாள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையைக் கையால் துடைத்து, அதில் தன் கைக்குட்டையை விரித்தாள். பஸ்ஸில் டிரைவரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"நல்லா செஞ்ச," என்றேன். "கொழந்தைய."

"நீங்க சொல்லித்தந்ததுதானே."

பூவலிங்கம் பழக்கதோஷத்தில் இரண்டு விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

என் ஒரு வருடம் முடிந்தது. திரும்பி வா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காலையில் வரிசையில் நிற்பவர்களுக்கு இப்போது நான்தான் கேட்டுச் சொல்கிறேன். வெங்காயம் உரித்தவன் கரண்டி பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். பூவலிங்கம் வரிசையை ஒழுங்கு பண்ணுகிறார். இங்கே எல்லோரும் பின்னால் தள்ளிப்போகக் கற்றுக்கொண்டார்கள்.

நேற்று சாயங்காலம் அவரிடம் என் நெஞ்சைக் காட்டினேன். அவருக்குக் குழாய் பிடிக்காது. காதையே வைத்தார். தாடி குத்தியது.

"வாசல்ல கூப்பிடுத சத்தமா?" என்றேன்.

"இல்ல. பஸ்ஸு. சன்னல் கடகடன்னு அடிக்கி." காதைக் கொஞ்சம் நகர்த்தினார். "அந்தப் பொம்பளையாத்தான் இருக்கும். பேசுதா."

"யாருகிட்ட?"

"தெரியல. பேசுதா. நிறுத்துதா. பொறவு பேசுதா."

"நிறுத்தும்போது என்ன கேக்கு?"

காதை இன்னும் அழுத்தினார். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

"எஞ்சின் சத்தந்தான் கேக்கு," என்றார். "ஆனா அவசரமில்லாம நிறுத்துதா. ஒரு ஆளு பதில் சொல்லி முடிக்க அளவுக்கு."